‘அவ்வளவு திருப்தியில்லை’: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டு விளங்குவது

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நான்கு சீசன் முன்மேசையில் இருந்துவிட்டேன். மே மாதம் கடல் அடங்கியதும் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. ரூம், சாவி, காலைச் சாப்பாடு, புறாத்தீவுப் படகு, இதற்கெல்லாம் பள்ளிக்கூட ஆங்கிலமே போதும். ஒரே இடத்தில்தான் அது கைவிட்டது. ஒன்று தங்களுக்குத் திருப்தியில்லை என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு விளங்கவில்லை. நம்மில் எத்தனையோ பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்கள், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: ‘இல்லை’யை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

“சாப்பாடு நல்லாயில்லை என்று நினைக்கிறேன்” என்போம். அதை அப்படியே மாற்றினால் “ஐ திங்க் இட்ஸ் நொட் குட்”. இலக்கணப் பிழையில்லை, ஆனால் கேட்பவருக்குச் சுள்ளென்று இருக்கும். அவர்கள் நினைப்பைத்தான் மறுப்பார்கள்: “ஐ டோன்ட் திங்க் இட்ஸ் வெரி குட்.” ‘வெரி’யையும் விடாதீர்கள், அது இருந்தால் இன்னும் தணிவாகக் கேட்கும்.

இரண்டாம் படி: ‘திங்க் மச் ஒஃப்’

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர் காயாத துவாயை நாற்காலியில் விரித்துப் போட்டபடி, “ஐ டிடின்ட் திங்க் மச் ஒஃப் இட்” என்றார். குரலில் கோபமில்லை, முகத்தில் சிறு சிரிப்புக்கூட இருந்தது. ‘அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டேன். சரியாகப் பார்க்க நேரம் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் காலைக்கும் ஓட்டோ சொல்லிவிட்டேன். ஓட்டோ அண்ணன் வேறு ஹயரை விட்டுவிட்டு ஆறரைக்கே வந்து நின்றார். அந்த அம்மா திகைத்துப் போய் வரமாட்டேன் என்றார். அண்ணனுக்குப் பாதிக் காசை நானே கொடுத்தேன்.

அவர் சொன்னதன் பொருள், ‘எனக்கு அது அவ்வளவு திறமாகப் படவில்லை.’ குளித்து நீந்தும் தடாகம் என்று எண்ணிப் போயிருக்கிறார். அங்கே இருப்பதோ ஏழு சிறு கிணறுகள், வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும்.

சொற்களின் இடத்தைப் பாருங்கள். “ஐ டோன்ட் திங்க் ஒஃப் இட் மச்” என்றால் ‘அது அடிக்கடி நினைவுக்கு வருவதில்லை’. “ஐ டோன்ட் திங்க் மச் ஒஃப் இட்” என்றால் ‘எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை’. ‘மச்’ ‘ஒஃப்’புக்கு முன்னால் வந்தால் அது மதிப்பைப் பற்றிய பேச்சு. இதை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இதைத் திருப்பிப் போட்டு “ஐ திங்க் மச் ஒஃப் இட்” என்று புகழ முடியாது, அப்படி யாரும் பேசுவதில்லை. உயர்வாகச் சொல்ல “ஐ திங்க் எ லொட் ஒஃப் ஹெர்” அல்லது “ஐ திங்க் ஹைலி ஒஃப் ஹெர்”. ஆட்களைப் பற்றி மறுப்பாகச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஒரு சமையல்காரரைப் பற்றி “ஐ டோன்ட் திங்க் மச் ஒஃப் ஹிம்” என்றால் அவருடைய தொழிலையே குறைத்துப் பேசியதாகும்.

மூன்றாம் படி: குறை பொருளிலா, உங்கள் ருசியிலா?

“நொட் மை கப் ஒஃப் டீ” என்பது ‘எனக்குச் சரிவராது, மற்றவர்களுக்குப் பிடிக்கலாம்’ என்ற பொருளில் வரும். “ஐம் நொட் கீன் ஒன் இட்” என்பதும் கிட்டத்தட்ட அதே. இவை பொருளைக் குற்றம் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியம். என் அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் கடமையைக் கன்னியாவில்தான் செய்தோம். ஒருவர் அந்த இடத்தை “நொட் மை கப் ஒஃப் டீ” என்றால் என் மனம் நோகாது. அதனால் நம் ஆட்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒருவர் ஆசையாகக் கொடுத்ததை மறுக்கவும் இதுவே நல்லது.

நான்காம் படி: பேர் பெரிசு, பொருள் சிறிசு

“ஓவர்ரேட்டட்” உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையே நீட்டிச் சொல்வது “இட்ஸ் நொட் ஒல் இட்ஸ் கிரக்ட் அப் டு பீ”. ‘கிரக்’ என்றால் இங்கே உடைதல் அல்ல, பெருமையாகப் பேசுதல் என்ற பழைய பொருள். 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குச் சனம் நெரியும் நாளில் போய் வருகிறவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். “நதிங் டு ரைட் ஹோம் அபவுட்” என்பது வீட்டுக்குக் கடிதம் எழுதிச் சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை என்பது, நம்முடைய ‘சொல்லிக்கொள்ளும்படி இல்லை’.

“ரப்பிஷ்” (‘குப்பை, படுமோசம்’) என்ற சொல்லைக் கேட்டு விளங்குங்கள், நீங்கள் வாயில் எடுக்காதீர்கள். “லுக் டவுன் ஒன்” ஆட்களை இழிவாகப் பார்ப்பதைச் சொல்வது, சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் வராது.

அகராதிக்கு நான் நம்புவது லோங்மன் இணைய அகராதி. தனிச் சொல்லோடு முழுத் தொடரையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தருகிறது. உச்சரிப்புக்குக் கேம்பிரிட்ஜ், பிரித்தானிய ஒலியும் அமெரிக்க ஒலியும் பக்கத்திலேயே இருக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றித்தரும் செயலிகளை இந்த விசயத்தில் நம்பவே வேண்டாம்.

பின்சேர்க்கை: நிலாவெளியில் வேலை செய்யும் ஒரு தங்கை, “‘நொட் பேட்’ என்று சொன்னார்கள், மன்னிப்புக் கேட்டுவிட்டேன் அக்கா” என்று எழுதியிருந்தார். மன்னிப்புத் தேவையில்லை, அது பாராட்டு. ‘மோசமில்லை’ என்று சொற்கள் சொன்னாலும் பொருள் ‘நல்லாயிருக்கு’. “ஐ டோன்ட் மைன்ட் இட்” என்றாலும் பரவாயில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொருவர், விருந்தினரிடம் அபிப்பிராயம் கேட்பது எப்படி என்று கேட்டிருந்தார். ‘எப்படி’ என்பதை வைத்து “ஹவ் டு யூ திங்க்” என்று கேட்காதீர்கள். ‘வொட்’தான் வரவேண்டும்: “வொட் டிட் யூ திங்க் ஒஃப் த பிரேக்ஃபாஸ்ட்?” “எவ்ரிதிங் ஓகே?” என்று கேட்டால் எல்லாருமே “ஃபைன்” என்று போய்விடுவார்கள். போன கிழமை ‘வொட்’ வைத்துக் கேட்டபோது ஒருவர் கொஞ்சம் தயங்கி, “த டீ வோஸ் எ பிட் வீக்” என்றார். குசினிக்குப் போய் இன்னொரு கரண்டி சாயத்தூள் போட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன்.