எடை குறைக்கக் கூட்டுச் சேரும்போது சறுக்கும் இடங்கள்

புத்தாண்டு பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் பிறக்கும். இருபது பேர், முதல் நாளே விடிகாலையில் பார்க் வாசலில் செல்ஃபி. பொங்கல் கழிந்தால் அதில் குட்மார்னிங் படங்கள் மட்டும்தான் வரும்.

துணை இருந்தால் எடை குறைப்பது எளிது என்பது உண்மைதான். அமெரிக்காவில் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக வந்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 24 சதவீதம் பேரே குறைத்த எடையை முழுதாகத் தக்கவைத்தார்கள். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் கைகொடுக்கப் பயிற்சியும் பெற்றவர்களில் அது 66 சதவீதம். நாமோ ஆள் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எப்படிக் கைகொடுப்பது என்று பேசுவதே இல்லை.

இருபது பேர் இருந்தால் ஒருவர் வராதது யார் கண்ணிலும் படாது. இரண்டு மூன்று பேர் போதும். உயிர்த்தோழியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நேரமும் நடை வேகமும் ஒத்துப்போகிற பக்கத்துத் தெருக்காரர் கேட் அருகே காத்திருப்பார் என்று தெரிந்தால், போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்க மனசு வராது.

இருப்பதிலேயே பெரிய தவறு, தினமும் எடையைக் குழுவில் போடுவது. முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டின் உப்பு, மாதவிடாய்க்கு முன் உடம்பில் தேங்கும் நீர், மலச்சிக்கல் என்று எதற்கும் முள் ஒரு கிலோ ஏறி இறங்கும். அது கொழுப்பு இல்லை. பக்கத்தில் ஒருவர் 'மூணு கிலோ அவுட்!' என்று போட்டிருந்தால், ஏறியவர் அன்றோடு வாய் மூடிக்கொள்வார், நாலு நாளில் குழுவிலிருந்தும் விலகிவிடுவார். எடையை வாரம் ஒருமுறை பார்த்து அவரவர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். குழுவில் போட வேண்டியது இன்று நடந்தோமா, எத்தனை நிமிடம் என்பதுதான். வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம். எட்டக்கூடிய கணக்குதான்.

நடை முடிந்ததும் எல்லோரும் டீக்கடைக்குத் திரும்புவதையும் பார்க்கிறேன். அரை மணி நேர நடையில் கரைந்ததை இரண்டு மெதுவடை திருப்பிக் கொடுத்துவிடும். அரட்டையை விட வேண்டாம், வடையை விட்டால் போதும்.

ஒருவருக்குப் பலித்த டயட்டை மற்றவர் அப்படியே பிடித்துக்கொள்வது ஆபத்து. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழவைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் மயங்கி விழலாம். டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

வீட்டு ஆட்களைக் காவலுக்கு வைப்பது இன்னொன்று. முறுக்கு டப்பாவைத் தொட்டதும், விருந்தாளிகள் முன்னாலேயே, "நீ டயட்ல இருக்கியே?" என்பார் கணவர். மானம் போனவள் அடுப்படியில் நின்று நாலு முறுக்கு கூடவே தின்பாள். மாமியாரோ "இளைச்சுட்டியேம்மா" என்று தோசையில் நெய் விடுவார். இருவருக்கும் அக்கறைதான். ஆனால் என்ன உதவி வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. "காலையில நான் நடக்கப் போறப்ப பிள்ளைக்கு நீங்க டிபன் கட்டுங்க" என்பது உதவி. "என்னைப் பார்த்துக்கோங்க" என்றால் காவல்தான் கிடைக்கும்.

வராதவருக்கு நூறு ரூபாய் அபராதம் போடும் குழுக்களும் உண்டு. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பில்லை. அபராதம் கட்டக் கூசுபவர் மறுநாளும் வர மாட்டார். "ஏன் வரலை?" என்று குடைவதைவிட "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும், துணை ஊருக்குப் போகும் வாரத்துக்கும் முன்கூட்டியே மாற்று பேசி வையுங்கள்: மொட்டை மாடியோ, மாடிப்படியோ, போனில் பேசிக்கொண்டே அவரவர் ஊரில் நடப்பதோ.