டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? மெடிக்கல் போர்டு பேப்பரிலிருந்து தொடங்குங்கள்

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத சொந்தபந்தம் குறைவு. அவர்களில் சிலர் முழங்கால் வலியோடோ, காது மந்தத்தோடோ, ரத்த அழுத்தத்தோடோ ஊர் திரும்பியவர்கள். "உங்களுக்கு டிசபிலிட்டி பென்ஷன் (ஊனத்துக்கான ஓய்வூதியம்) கிடையாது" என்று வந்த கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டதோடு விட்டுவிட்டவர்கள். அப்படி ஒரு கடிதம் உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ இருந்தால், என்ன செய்யலாம் என்று அடியிலிருந்து சொல்கிறேன். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. இங்கே எழுதுவது அந்தத் தேதிக்கு முன்பு வெளியே வந்த ஜவான்களுக்கு.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, கலெக்டரிலிருந்து பிரதமர் வரை மனு அனுப்புவது. "நாட்டுக்காக உழைத்தேன், கருணை காட்டுங்கள்" என்று அதில் இருக்கும். அந்த வார்த்தைகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. வெளியே அனுப்பும்போது டாக்டர்கள் எழுதிய மெடிக்கல் போர்டு அறிக்கையை வைத்துத்தான் மறுத்திருக்கிறார்கள். அதில் எழுதிய காரணத்துக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.

என்ன கேட்கிறோம்?

இரண்டு கேள்விகள்தான். ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா? அது ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா? இரண்டாவதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். "எனக்கு அடிபடவில்லையே, நோய்தானே" என்று ஒதுங்க வேண்டாம். நோயும் கணக்கில் வரும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 100 சதவீத ஊனத்துக்கு டிசபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம். ஊதியம் 40,000 ரூபாய் என்றால் 12,000. ஊனம் 30 சதவீதம் என்று போர்டு எழுதியிருந்தால் 3,600. ஆனால் 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. பிராட் பேண்டிங் என்பார்கள். அதன்படி அதே ஆளுக்கு 6,000 ரூபாய். இது சர்வீஸ் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று முன்பு சொல்லிவந்தார்கள். சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பேப்பரை வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு), பழைய மிலிட்டரி ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி இவற்றை ஃபைலின் மேலட்டையிலேயே எழுதிவிடுங்கள். எங்கே போனாலும் முதலில் இவற்றைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈஎம்ஈ (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் பிரிவு) என்றால் செகந்திராபாத், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்கிருக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு கடிதம் போடுங்கள். கேட்க வேண்டியவை: சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை, வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு அறிக்கை (ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 படிவம்), பென்ஷன் மறுத்த உத்தரவு, அடிபட்டிருந்தால் இன்ஜுரி ரிப்போர்ட்டும் கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) அறிக்கையும். பதில் தர 30 நாள் அவகாசம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் வேலை சுலபம். எழுதத் தயக்கமாக இருந்தால் மதுரையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், நம் ஆட்கள் சைனிக் போர்டு ஆபீஸ் என்று சொல்வார்களே, அங்கே உதவி கேளுங்கள்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி.

போர்டு என்ன எழுதியிருக்கிறது?

நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம் இது. நோயின் பெயர், முதலில் கண்டுபிடிக்கப்பட்ட தேதி, அப்போது எங்கே போஸ்டிங், ஊன சதவீதம், பணியோடு தொடர்பு உண்டா இல்லையா, இல்லை என்றால் ஏன் - இவை அனைத்தும் அதில் இருக்கும். "நெய்தர் அட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்" என்று எழுதியிருந்தால், பணியால் வரவும் இல்லை, அதிகமாகவும் இல்லை என்று போர்டு சொல்கிறது. பக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல அறிக்கைகளில் "உடல்வாகு சார்ந்த நோய்" என்பது போல ஒற்றை வரிதான் இருக்கும்.

அந்த ஒற்றை வரிக்குப் பதில் தரம்வீர் சிங் வழக்கில் இருக்கிறது. 1985-இல் சிக்னல்ஸில் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 1994-இல் வெளியே அனுப்பப்பட்டார். 20 சதவீத ஊனம் என்று எழுதியும் பென்ஷன் மறுத்துவிட்டார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்; தொடர்பில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு; போர்டு காரணம் எழுத வேண்டும். ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் இதைக் குறிப்பிடுங்கள். அதே சமயம், இதைக் காட்டினாலே எல்லா நோய்க்கும் பென்ஷன் கிடைத்துவிடாது. 2019-இல் நர்சிங் யாதவ் என்பவரின் மனநோய் வழக்கில், போர்டின் கருத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனவே தீர்ப்போடு சேர்த்து, உங்கள் ஆளின் சர்வீஸில் நடந்ததையும் காட்ட வேண்டும்: லே, சியாச்சின், காஷ்மீர் போன்ற இடங்களில் எத்தனை ஆண்டு, நோய் வந்தது அதற்கு முன்பா பின்பா.

லீவில் அடிபட்டவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் பயண வழியில் அடிபட்டால் வாதாட இடம் உண்டு. வீட்டு வேலையில் அடிபட்டதென்றால் மிகவும் கடினம்.

மேல்முறையீடு

மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டையும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக அனுப்பலாம். தேதி தாண்டியிருந்தாலும் அனுப்புங்கள்; ஏன் தாமதம் என்று தனிப் பத்தியில் உண்மையை எழுதுங்கள்.

கடிதம் இரண்டு பக்கம் போதும். முக்கியமான பகுதி இப்படி இருக்கட்டும்: "நான் சேர்ந்தபோது நடந்த பரிசோதனையில் இந்த நோய் பதிவாகவில்லை (நகல் 1). இந்தத் தேதியில், இந்த இடத்தில் பணியில் இருந்தபோது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது (நகல் 2). போர்டு எழுதியுள்ள காரணம் இது. அதை ஏற்க முடியாததற்குக் காரணங்கள் இவை." ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை ஃபைலில் ஒட்டிவிடுங்கள்.

சென்னைக்குப் போக வேண்டி வந்தால்

மேல்முறையீடு மறுக்கப்பட்டாலோ, ஆறு மாதமாகப் பதிலே வராவிட்டாலோ, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நம் ஊரில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறதே என்று நேரே ஒத்தக்கடைக்குப் போக வேண்டாம். முதலில் போக வேண்டியது சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் கிளைக்கு. வக்கீல் வைத்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாண்டியன் ரயிலில் ஏற வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்; மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அரியர்ஸில் இத்தனை சதவீதம் கொடு என்று கேட்டு வரும் இடைத்தரகரிடம் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.

எத்தனை ஆண்டு கழித்துப் போனாலும் கதவு மூடியிருக்காது. மாதாமாதம் வர வேண்டிய பணம் என்பதால் நீதிமன்றங்கள் இதைத் தொடரும் பாதிப்பாகவே பார்க்கின்றன. ஆனால் 2008-இன் தர்செம் சிங் தீர்ப்புப்படி, அரியர்ஸ் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

உத்தரவு வந்த பிறகு

பிரயாக்ராஜில் இருந்து திருத்திய பிபிஓ வரும். ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்திலும் தெரியும். அதில் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஊன சதவீதம் உத்தரவில் உள்ளதுதானா, பிராட் பேண்டிங் போட்டிருக்கிறார்களா, எந்தத் தேதியிலிருந்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மாதான் அலைய வேண்டும். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கும்போதே திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.