ஏழுமலை எலுமலை ஆகாமல் இருக்க

எங்கள் தெருவில் மூன்று ஏழுமலைகள். திருப்பதி கூப்பிடு தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, வேலூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் சலிப்பதே இல்லை. ஒருவர் ஆங்கிலத்தில் 'எல்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'இசட்-எச்' போடுவார், மூன்றாமவர் முன்னால் ஒரு 'ஒய்'யும் சேர்ப்பார். வினை வந்தது 'எல்' போட்டவருக்கு. கணினி அந்த ஆங்கில எழுத்தைத் திரும்பத் தமிழாக்கியதில், அவருடைய அட்டையில் 'எலுமலை' என்று வந்து உட்கார்ந்துவிட்டது. ஏழு மலை போய் எலி மலை ஆச்சு என்று தெரு சிரித்தது. அவர் திருத்தம் போட இ-சேவை மையத்துக்கு நடையாய் நடந்தார்.

பெயர் விஷயத்தில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். எந்தப் பெயர் என்று ஆறு மாதம் சண்டை போடுவார்கள். எப்படி எழுதுவது என்று ஆறு நிமிடம் யோசிக்க மாட்டார்கள். தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் இப்படி என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். அவசரமும் வேண்டாம். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது சரி, ஆனால் பெயரையும் அதற்குள் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலே சேர்க்கலாம், அப்புறம் 15 ஆண்டு வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் நியூமராலஜி பார்த்து ஓர் 'ஏ'யை இரண்டாக்க ஆசைப்பட்டால் அதை இப்போதே செய்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த பிறகு ஆசை வந்தால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

இனிஷியல் இன்னொரு சிக்கல். நமக்கு அது அப்பா பெயரின் முதலெழுத்து. வெளியூர் அலுவலகத்தில் அதை விரித்து எழுதியதுமே குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. உறவுக்காரப் பெண் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். ஒருநாள் கூட்டத்தில் மேலாளர் அவளுடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட, பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா "இதோ வரேன்" என்று எழுந்து வந்துவிட்டார். இதற்குப் பயந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு நிறுத்துவதும் சரிப்படாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்றது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. துபாய்க்குப் போகிறவர்கள் நிறைந்த ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் இதை மறக்கக் கூடாது.

எல்லா இனிஷியலும் அப்பா பெயர்தான் என்று நினைப்பதும் தவறு. ஆற்காடு இரட்டையர்களான ராமசாமி முதலியார், லட்சுமணசாமி முதலியார் இருவரின் 'ஏ' ஆற்காட்டைக் குறிப்பது. தெலுங்கு பேசும் வீடுகளில் முதலில் வருவது இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர். வாணியம்பாடி நண்பர் அப்துல் ரஹ்மானை 'அப்துல்' என்று வெட்டிக் கூப்பிட்டால் '-இன் அடிமை' என்ற பாதிச் சொல்தான் மிஞ்சும். யாருடைய என்பது அந்த ரஹ்மானில்தான் இருக்கிறது.

அடுத்தது, பழைய பெயரைப் பட்டிக்காடு என்று ஒதுக்குவது. மார்க்கபந்து என்று ஒருவர் சொன்னால் விரிஞ்சிபுரம் சாமி அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர் என்று உடனே தெரியும். வழித்துணை என்று அர்த்தம். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? படவேட்டான் என்றால் படவேட்டு ரேணுகாம்பாள். தருமன், அர்ச்சுனன், சகாதேவன், துரோபதை என்று ஒரே வீட்டில் வரிசையாக இருந்தால், அந்த ஊரில் துரோபதை அம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் இருந்திருக்கும். குப்புசாமியைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், எமன் கண்ணில் படாமல் இருக்கக் குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து வைத்த பெயர் அது. பெற்றவளின் பயம் அதில் இருக்கிறது.

ஆனால் பழசு எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். அடுத்தடுத்துப் பெண் பிறந்த கோபத்தில் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று வைத்ததும் நம் பக்கத்தில்தான் நடந்தது. அந்தப் பெயரை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டியவள் அந்தப் பெண்.

கடைசியாக, தாத்தா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். வேலம் கிராமத்தைச் சேர்ந்த மு. வரதராசனாருக்கு இட்ட பெயர் திருவேங்கடம். நிலைத்ததோ தாத்தாவின் பெயரான வரதராசன். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அப்படியிருக்க அதே பெயருள்ள பிள்ளையை எப்படி அதட்டுவாள்? அதனால் தாத்தா பெயர் காகிதத்துக்குப் போகும், வீட்டில் ராஜா, தம்பி, சின்னு என்று ஏதாவது ஒட்டிக்கொள்ளும். தவறு அதில் இல்லை, காகிதத்தில் உள்ள பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்காததில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் டீச்சர் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரடா அது, தாத்தா பெயரை வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.