எல்போ பேண்ட் வாங்கும் முன் ராக்கெட்டைக் காட்டுங்கள்

சென்னையில் டென்னிஸ் ராக்கெட்டுக்கு கட் (பந்தை அடிக்கும் நரம்பு வலை) போடுவது என் தொழில். நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் கடைக்குள் வந்ததும் முழங்கை வலிக்குக் கட்டும் பட்டையைத்தான் கேட்பார்கள், "எல்போ பேண்ட் இருக்கா?" இருக்கிறது, தருகிறேன். ஆனால் அதற்கு முன் ராக்கெட்டை வாங்கிப் பார்த்துவிடுவேன். பேண்ட் வலியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வலியைக் கொண்டுவந்த பொருள் பல நேரம் அவர்கள் தோளில் தொங்கும் பைக்குள்ளேயே இருக்கும்.

எந்த வலி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் சுருக்கென்று வலித்தால் அநேகமாக டென்னிஸ் எல்போதான். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் நாண் அந்த இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது. காபி டம்ளரைத் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் அங்கேதான் இழுக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, கை முழுதாக நீளாவிட்டாலோ, வீங்கிச் சூடாக இருந்தாலோ கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இனி கட். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 1997இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குயர்த்தன் பாலியஸ்டர் கட்டோடு பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்த பிறகு உலகம் முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்தது. பாலி நல்ல கட்தான். முழு வேகத்தில் வீசி, பந்தைச் சுழற்றி அடிக்கிற இளைஞர்களுக்கு அது வேண்டும். ஆனால் அது விறைப்பானது, அதிர்ச்சியைக் கைக்கு அப்படியே அனுப்பும். டென்ஷன், அதாவது கட்டின் இறுக்கம், சீக்கிரம் இறங்கி, உயிர் போன பிறகும் அறுந்து தொலையாது. வாரக் கடைசியில் டபுள்ஸ் ஆடுகிறவர் ஒரே பாலியை ஒரு வருஷம் வைத்துக்கொண்டு அடித்தால் முழங்கை என்ன செய்யும்? மாதக்கணக்கில் ஆடியும் கட் அறுக்காதவருக்கு பாலி தேவையே இல்லை.

வலி இருந்தால் மல்டிஃபிலமென்ட் போடச் சொல்லுங்கள். மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த கட் அது, கைக்கு மெத்தென்று இருக்கும். மாட்டுக் குடலில் செய்த நேச்சுரல் கட் அதைவிட மென்மை. ஆனால் விலை கடிக்கும், மழையில் நனைந்தால் கெட்டுவிடும். பட்ஜெட் இல்லையென்றால் சாதாரண நைலான் போதும், பாலியைவிடக் கைக்கு நல்லது. டென்ஷன் 58, 60 பவுண்ட் என்று கேட்காதீர்கள். 50ஐ ஒட்டி ஆரம்பியுங்கள். பந்து கொஞ்சம் தூரம் பறக்கும், ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருஷத்துக்கு அத்தனை தடவை கட் மாற்றுவது பழைய கணக்கு. பாலி போடுபவர்கள் அதைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ராக்கெட்டைப் போட்டுவைக்காதீர்கள், கட் தளர்ந்துபோகும்.

அடுத்தது பிடி. ராக்கெட்டை வழக்கம்போல் பிடித்து, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் மற்றக் கையின் ஆள்காட்டி விரலை வைத்துப் பாருங்கள். சரியாகப் பொருந்த வேண்டும். விரல் நுழையவே இடமில்லையென்றால் பிடி சிறியது, இறுக்கிப் பிடித்தே ஆடுகிறீர்கள். பிடிமேல் சுற்றும் மெல்லிய நாடாவான ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் ஏறக்குறைய அரை சைஸ் கூடும். நம்ம ஊர் வியர்வையில் ஓவர்கிரிப்தான் நான் முதலில் வாங்கச் சொல்லும் பொருள். வழுக்கினால் கை தானாக இறுக்கும், அந்த இறுக்கம் நேராக முழங்கைக்குப் போகும். பளபளப்பு ஏறியதும் மாற்றிவிடுங்கள். கூடவே ஒரு ரிஸ்ட் பேண்ட், சின்ன டவல். அடிக்கு அடி நடுவில் ராக்கெட்டின் கழுத்தை இடது கையில் தாங்கி, வலது கையைத் தளர விடுங்கள்.

கட்டில் மாட்டும் சின்ன ரப்பரான டேம்பனர் முழங்கையைக் காப்பாற்றும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. அது கட்டின் 'டங்' சத்தத்தை அடக்கும். கைக்கு வருவது ஃப்ரேமின் அதிர்வு, அதை அந்தச் சின்ன ரப்பர் தொடாது. சத்தம் பிடிக்காவிட்டால் மாட்டுங்கள், வலிக்காக வேண்டாம். 250 கிராம் சொச்சத்தில் வரும் விறைப்பான ராக்கெட்டும் ஆபத்து, பந்தின் மோதலை அதன் எடை தாங்காது. காற்றுப்போன, நனைந்த பந்துகளையும் தூக்கிப் போடுங்கள்.

பேண்டை எலும்பு முனைமேல் கட்டக் கூடாது. அதற்கு இரண்டு விரல் கீழே, முன்கைத் தசைமேல், பேண்டின் மெத்தைப் பகுதி கையின் வெளிப்பக்கம் இருக்கும்படி கட்டுங்கள். கை மரத்தால் தளர்த்துங்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள், தூங்கும்போது வேண்டாம்.

நாணைத் திரும்பப் பலமாக்குவது பயிற்சிதான். நாள்பட்ட வலியில் நாணின் நார்களே நைந்திருக்கும். ஐஸும் மாத்திரையும் அன்றைய வலியைத்தான் குறைக்கும். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் நாலைந்து நொடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று, தினமும். லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலையில் கூடியிருந்தால் குறையுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சொர்க்கமாக இருக்கும். ஆனால் ஊசி போட்டவர்கள் ஒரு வருஷத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பிசியோதெரபிஸ்டைப் பார்க்காமல் ஊசிக்கு ஓடாதீர்கள். சச்சினுக்கு 2005இல் லண்டனில் ஆபரேஷன் நடந்ததைச் சொல்லிப் பயப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாமலே ஒரு வருஷத்துக்குள் குணமாகிறது.

திரும்பக் களத்துக்குப் போகும்போது சர்வீஸ் லைனுக்குள் நின்று மெதுவாகத் தட்டி ஆரம்பியுங்கள். ஒற்றைக்கை பேக்ஹேண்டில் முழங்கையை முன்னே தள்ளி அடிப்பவர்கள் இரண்டு கைக்கு மாறிப் பாருங்கள், பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தியுங்கள். முழு சர்வீஸ் கடைசியில். கட் போட வரும்போது என்ன கட், எத்தனை பவுண்ட், எந்தத் தேதி என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி ராக்கெட் கழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வலி வந்தாலும் போனாலும் காரணம் தேட அது உதவும்.