கிளிப் போட்ட பிள்ளை மைதானத்துக்குப் போகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லுக்குக் கிளிப் மாட்டிய அன்றைக்கே பல வீடுகளில் ஓர் உத்தரவும் வந்துவிடும்: "இதைக் கழட்டுற வரைக்கும் கபடி, கிரிக்கெட் எதுவும் வேண்டாம்." சிகிச்சையோ பெரும்பாலும் 18 முதல் 24 மாதம் வரை நடக்கும். 12 வயதில் ஆட்டத்தை நிறுத்திய பிள்ளை 14 வயதில் திரும்ப வருவது அபூர்வம். பெண் பிள்ளை என்றால் அதைவிட அபூர்வம். என்னைக் கேட்டால் முதல் தவறே இந்த உத்தரவுதான். கிளிப்போடு ஏறக்குறைய எல்லா ஆட்டமும் ஆடலாம், வாய்க்குச் சரியான காப்பு (மவுத் கார்டு) இருந்தால்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. "கம்பிதான் பல்லை இழுத்துக் கட்டியிருக்கே, அடிபட்டா என்ன?" கம்பியின் வேலை பல்லை நகர்த்துவது. நகரும் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து புதிதாக உருவாகிக்கொண்டிருப்பதால், அந்தப் பல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆட்டத்தோடுதான் இருக்கும். முழங்கை வாயில் பட்டால் உதடு உலோகத்தில் நசுங்கிக் கிழியும். அதோடு, கிளிப் போடுகிறவர்களில் பலருக்கு முன்பல் துருத்தியிருக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திய பல்லில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி என்று மவுத் கார்டு வாங்கப் போகிறவர்கள்தான் அடுத்த தவறைச் செய்கிறார்கள். விளையாட்டுப் பொருள் கடைகளில் அதிகம் கிடைப்பது, வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்துப் பதிய வைக்கும் வகை. கிளிப் இல்லாதவர்களுக்கு அது போதும். கிளிப்பின் மேல் வைத்துக் கடித்தால், இளகிய பிளாஸ்டிக், கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டின் இடுக்குகளுக்குள் போய் ஆறி இறுகிவிடும். இழுத்து எடுக்கும்போது பிராக்கெட்டும் பெயர்ந்து வரலாம். அப்படி வராவிட்டாலும் தொல்லை உண்டு. காப்பு பழைய பல்வரிசையின் அச்சு, பல்லோ மாதாமாதம் இடம் மாறுகிறது. டாக்டர் ஒரு பக்கம் இழுக்க, காப்பு மறுபக்கம் தள்ளும்.

வாங்க வேண்டியது கிளிப் போட்டவர்களுக்கென்றே வரும் சிலிக்கான் காப்பு. பிராக்கெட்டுகளுக்கு இடம் விட்டு உள்ளே பள்ளம் இருக்கும், வெந்நீரில் போட வேண்டியதில்லை. இல்லையென்றால் பல் டாக்டரிடமே அளவெடுத்துச் செய்யலாம். பிராக்கெட்டுகளை மெழுகால் மூடி அளவெடுத்து, பல் நகர இடம் விட்டுச் செய்வார்கள். கிளிப்பைக் கவ்விப் பிடிக்கிற காப்பு நல்ல காப்பு அல்ல. ஒவ்வொரு முறை கம்பி மாற்றப் போகும்போதும் காப்பையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கபடியில் இன்னொரு சிக்கல். பாடிப் போகிறவர் "கபடி கபடி" என்று நடுவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் கீழும் மூடும் இரட்டைக் காப்போடு அது கஷ்டம். மேல்வரிசைக் காப்பு மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கீழ்வரிசையிலும் கிளிப் இருந்தால் அவர் இரட்டையே வேண்டும் என்று சொல்லக்கூடும். எதுவானாலும் பயிற்சியில் போட்டுப் பாடிப் பழக வேண்டும். மேட்ச் அன்று மட்டும் மாட்டினால் மூச்சு முட்டுகிறது என்று துப்பிவிடுவார்கள். அடி பயிற்சியிலும்தான் படுகிறது. கிரிக்கெட்டில் பேட் பிடிக்கும்போது மட்டும் ஹெல்மெட் போட்டுவிட்டு, ஸ்டம்புக்குப் பின்னால் வெறும் முகத்தோடு கீப்பிங் செய்வதும் இதே ரகம்.

முகத்துக்கு வெளியே கம்பி நீளும் ஹெட்கியரை ஆடும்போது கழற்றியே ஆக வேண்டும். அது கழன்று தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. கம்பிக்குப் பதிலாக அலைனர், அதாவது கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை, போடுகிறவர்கள் அதையே காப்பாக நினைக்கக் கூடாது. அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு மவுத் கார்டு மாட்ட வேண்டும். டிஷ்யூவில் சுற்றி வைத்த அலைனர் குப்பையில்தான் போய்ச் சேரும்.

யாரும் கவனிக்காத தவறு குளுக்கோஸ் தண்ணீர். ஆட்டம் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடித்தால் பிராக்கெட்டைச் சுற்றிச் சர்க்கரை தங்கி, கிருமிகள் அதை அமிலமாக்கும். கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பும் இருக்கும். தாகத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

அடிபட்டுவிட்டால், வாயைக் கொப்பளித்து, எல்லாப் பிராக்கெட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றைக் காணோம், பிள்ளை விடாமல் இருமுகிறது என்றால் நேரே ஆஸ்பத்திரி. கம்பி குத்தினால் டாக்டர் கொடுத்த மெழுகை வையுங்கள். நகவெட்டியால் வெட்டாதீர்கள், துண்டு தொண்டைக்குள் போகலாம். நிலைப்பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். பக்கத்து டீக்கடையில் பாக்கெட் பால் இருக்கும், காய்ச்சிய சூட்டோடு வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட்டால் நல்லது. பால்பல்லைத் திரும்பச் சொருகக் கூடாது.

எதுவும் ஆகாத மாதிரி தெரிந்தாலும் கிளிப் போட்ட டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடிபட்ட பல்லைச் சில மாதம் நகர்த்தாமல் விட வேண்டியிருக்கலாம். உள்ளே நரம்பு செத்திருந்தால், பல் கறுக்கத் தொடங்குவது வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான்.