ஆன்லைன் கடைக்குக் கிடங்கு பிடிப்பது எப்படி: முதலில் பெட்டிகளை எண்ணுங்கள்

ஆன்லைனில் பொருள் விற்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் வீட்டு அறை போதாமல் போகும். உடனே எழும் கேள்வி, "எத்தனை சதுர அடி பார்க்கலாம்?" அதற்கு விடை காலி இடங்களைச் சுற்றிப் பார்ப்பதால் கிடைக்காது, உங்கள் சரக்கை அளந்தால்தான் கிடைக்கும். என் கடைக்கு இடம் பிடித்தபோது நான் பின்பற்றிய வரிசையை இங்கே தருகிறேன். விற்பனைத் தளம், கூரியர் ஏற்பாடு எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அதிகபட்ச ஸ்டாக்

சராசரி கணக்கு வேண்டாம். ஆண்டிலேயே சரக்கு மிக அதிகமாக இருக்கும் நாளை எடுங்கள். அது விற்பனை உச்சத்தில் இருக்கும் நாளாக இருக்காது. அதற்குச் சற்று முன்பு, கொள்முதல் எல்லாம் வந்து இறங்கி, ஆர்டர்கள் இன்னும் தொடங்காத நாளாகத்தான் இருக்கும். பொருளின் பெயர், பெட்டியின் நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை என்று ஒரு விரிதாளில் போடுங்கள். இந்தக் கட்டத்தில் கிடங்கு மென்பொருள் எதற்கும் பணம் கட்டாதீர்கள். விரிதாளே போதும்.

படி 2: கன அடியைச் சதுர அடியாக்குவது

பலரும் தடுமாறும் இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்களிடம் 800 பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை கன அடி என்று வையுங்கள். மொத்தம் 1,200 கன அடி. கூரை 12 அடி உயரம் என்றால் 100 சதுர அடி போதும் என்று தோன்றும். நடைமுறையில் அப்படி எதுவும் நடக்காது.

ரேக்கில் பெட்டிகளுக்கு நடுவிலும் மேலும் இடைவெளி விழும். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினாலே நல்ல விஷயம். அப்படியானால் 1,800 கன அடி ரேக் வேண்டும். ஏணி இல்லாமல் கைக்கு எட்டும் உயரம் சுமார் 6 அடி. ஆக, ரேக்குகள் நிற்க மட்டுமே 300 சதுர அடி. அடுத்தது நடைபாதை. 2 அடி ஆழமுள்ள இரண்டு ரேக்குகளை முதுகோடு முதுகாக வைத்து 4 அடி பாதை விட்டால், ரேக்குக்கும் பாதைக்கும் சம இடம். இப்போது 600. பொருள் இறக்க, பேக்கிங் மேசை போட, அட்டைப் பெட்டிகளும் டேப்பும் வைக்க, ரிட்டர்ன் வந்ததைப் பிரித்துப் பார்க்க இன்னொரு 300. மொத்தம் 900 சதுர அடி!

உயரத்தைப் பயன்படுத்தினால் இந்த எண் குறையும். ஆனால் பார்க்க வேண்டியது கூரையின் உயரத்தை அல்ல. உத்தரம், விளக்கு, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றுக்குக் கீழே தடையில்லாமல் கிடைக்கும் உயரத்தைப் பாருங்கள். தீப்பிடித்தால் மேலிருந்து தண்ணீர் தூவும் தெளிப்பான் இருக்கும் இடத்தில் அதற்குக் கீழே 45 செ.மீ. அளவாவது காலியாக விட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பரவாது. அளக்க லேசர் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் துணையின்றி டேப்பை மேலே நீட்டி அளப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

படி 3: இடம் எங்கே

நகர மையமா, புறநகரா என்று யோசிப்பதற்கு முன் கூரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த முகவரியில் கடைசி பிக்கப் எத்தனை மணிக்கு?" மதியம் 2 மணிக்கு வண்டி போய்விட்டால், அதற்குப் பிறகு வரும் ஆர்டரெல்லாம் மறுநாள்தான் கிளம்பும். இதே கடைசி வண்டி மாலை 6 மணிக்கு வரும் இடம் என்றால், கொஞ்சம் வாடகை கூடினாலும் அதைத்தான் நான் எடுப்பேன்.

படி 4: நேரில் பார்ப்பது

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். சுவரின் அடிப்பகுதியில் நீர்க்கறை, மூலையில் பூஞ்சை வாசனை இருந்தால் அட்டைப் பெட்டிக்கு அங்கே வாழ்வில்லை. லாரி வாசல்வரை வந்து திரும்ப முடிகிறதா, உள்ளே மொபைல் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஒரு பெட்டியின் பாதையை நீங்களே நடந்து பாருங்கள். இறக்குமிடம், ரேக், பேக்கிங் மேசை, வெளியே போகும் வாசல். ஒரே வழியில் எதிரெதிராக முட்டிக்கொள்ளாமல் சுற்றி வந்தால் நல்ல இடம்.

படி 5: ஒப்பந்தம்

சொல்லப்படும் சதுர அடியில் பொதுப் பாதையும் சுவரும் சேருமா, கூரை ஒழுகினால் செலவு யாருடையது, இடையில் காலி செய்ய எவ்வளவு முன்னறிவிப்பு, இந்தக் கட்டடத்தில் சரக்கு வைக்க அனுமதி உண்டா. நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

சேர்க்கை: மாடியில் குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். துணி, பஞ்சு என்றால் பிரச்சினை இல்லை, லிஃப்ட் மட்டும் பாருங்கள். புத்தகம், திரவம், உலோகம் என்றால் பொறியாளரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். வீடுகளின் மாடித்தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படிதான் கட்டப்படுகிறது. புத்தகம் நிரம்பிய 3 அடி அகலம், 1 அடி ஆழம், 6 அடி உயரமுள்ள ஒற்றை ரேக்கே அந்த எடையைத் தாண்டிவிடும். அது நிற்பதோ மூன்றே சதுர அடியில்.