டிராகன் பால் ஸீ டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

டிராகன் பால் ஸீ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் 1989 முதல் 1996 வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. மொத்தம் 291 அத்தியாயங்கள். அமெரிக்காவில் ஃபனிமேஷன் நிறுவனம் இதைப் பலமுறை ரீமாஸ்டர் செய்து (பழைய படத்தையும் ஒலியையும் சீராக்கி) விற்றது. எல்லாம் ஒன்றல்ல. புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க, நான் சரிபார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: படத்தின் வடிவம். பெட்டியின் பின்பக்கத்தில் 4:3 என்று இருக்கிறதா, 16:9 என்று இருக்கிறதா? தொடர் வரையப்பட்டது பழைய டிவிக்கான 4:3 அளவில். அதை அகலத் திரைக்கு நிரப்ப வேண்டுமென்றால் மேலும் கீழும் வெட்டத்தான் வேண்டும். கணக்குப்படி உயரத்தில் கால் பங்கு போய்விடும். ஃபிலிமின் ஓரங்களிலிருந்து கொஞ்சம் கூடுதல் படம் எடுத்துச் சேர்த்தாலும் இழப்பு இழப்புதான்: நாயகன் கோகுவின் முடி உச்சியில் வெட்டுப்படும், நெருக்கமான காட்சிகளில் தாடை காணாமல் போகும். ஓவியர்கள் யோசித்து வைத்த இடம் அது. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

2007-ல் வரத் தொடங்கிய ஆரஞ்சு நிற டிவிடி பெட்டிகள் (ரசிகர்கள் இவற்றை 'ஆரஞ்சு செங்கல்' என்பார்கள்), 2013 கடைசியில் தொடங்கிய சீசன் ப்ளூ-ரேக்கள், இரண்டுமே வெட்டப்பட்டவை. 2009-ல் தொடங்கிய டிராகன் பாக்ஸ் டிவிடிகள் 4:3. 2011-ல் வந்த 'லெவல்' ப்ளூ-ரேக்களும் 4:3தான்; பிரேம் பிரேமாகச் சரிசெய்த அருமையான வேலை, ஆனால் இரண்டு தொகுப்புகளோடு நின்றுபோனது.

படி 2: துகள். இது 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்ட தொடர். அதனால் வானம், சுவர் போன்ற வெற்றிடங்களில் நுண்ணிய துகள்கள் அசைவது இயல்பு, அழுக்கு அல்ல. அதைத் துடைக்கிறேன் என்று மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால் கூடவே மெல்லிய கோடுகளும் அழிந்துவிடும். 2019-ல் வந்த 30ஆம் ஆண்டுத் தொகுப்பு 4:3 என்றாலும், அதில் முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கும். வாங்கும் முன் ஒரே காட்சியின் படங்களை நீங்கள் ஒப்பிடும் இரண்டு பதிப்புகளிலிருந்தும் எடுத்து, பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 3: ஒலி. சீசன் ப்ளூ-ரேக்களில் மூன்று தடங்கள் உண்டு: ஜப்பானிய மூலம், ஜப்பானிய இசையுடன் ஆங்கிலக் குரல், அமெரிக்க ஒளிபரப்பின் இசையுடன் ஆங்கிலக் குரல். ஷுன்சுகே கிகுச்சியின் மூல இசையை ஒரு அத்தியாயத்துக்காவது கேளுங்கள்.

படி 4: ரீஜன், அதாவது டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் குறியீடு. அமெரிக்க ப்ளூ-ரேக்கு ரீஜன் ஏ, இந்தியாவுக்கு சி. டிவிடியில் அமெரிக்கா 1, இந்தியா 5. டிஸ்க்கில் பூட்டு இருந்தால் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது, முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிவி. 4:3 படம் ஓடும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரி. ரிமோட்டில் படத்தை இழுத்து நிரப்பும் வசதி இருந்தால் அணைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள்.